மூணாற்று மழையும் மறையூர் வெயிலும்

ஆடி மாதத்தில் மலைநாட்டுப் பிரயாணம் வேண்டாம் என்று நண்பர்கள் பலர் என்னைத் தடுத்ததுண்டு. ஆயினும் ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளக் கரையில் வந்திறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, ஜூலை மாதத்தில் மூணாற்றின் தேயிலைச் சரிவுகளில் தன் முழுச் சக்தியையும் காட்டி நிற்கும் காட்சியை ஒருமுறை கண்டவனுக்கு, மீண்டும் அங்கே போகாமல் இருக்க மனம் வருவதில்லை. அந்த ஆசையால் பல ஆண்டுகளாகப் போய் வந்து, சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட சில விஷயங்களை, மழைக்காலத்தில் குடும்பத்தோடு புறப்பட எண்ணுகிறவர்களுக்கு உபயோகமாகும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் பிரயாணத்தில் நான் செய்த பிழை, நான்கு நாட்களின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் இடத்தை ஒதுக்கியதுதான். காலையில் இராஜமலை, பகலில் மாட்டுப்பெட்டி, மாலையில் குண்டளை என்று போட்ட பட்டியல், மூன்றாம் நாள் தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோடு என்று சொல்லப்படும் பகுதியில் மண் சரிந்து பாதை அடைபட்டதும் பயனற்றுப் போயிற்று. வாகனங்களின் நீண்ட வரிசையில், பசித்த குழந்தைகளோடு பொழுது சாயும் வரையில் காத்திருந்தோம். அன்று மழையை நொந்துகொண்டேன்; ஆனால் ஊர் திரும்பி நிதானமாக யோசித்தபோது, மழை தன் பருவத்தில் தன் இடத்தில் பெய்ததே தவிர, என் திட்டத்தில்தான் அதற்கு இடம் வைக்கவில்லை என்று விளங்கிற்று.

அதன் பிறகு நான் முதலில் பார்ப்பது மலையின் இரு பக்கங்களை. 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த சிகரங்களும் அரபிக்கடலிலிருந்து வரும் மேகங்களை மேற்கிலேயே தடுத்துக் கறந்துவிடுவதால், மூணாற்றில் குடையைத் திருப்பியடிக்கும் மழை கொட்டுகிற அதே நாளில், சுமார் 40 கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கும் மறையூரில் சந்தன மரங்களுக்கிடையே வெயில் விழுந்திருக்கக் காணலாம். அதற்கும் கீழே சின்னாற்றில் முட்புதர்க் காடே இருக்கிறது. ஆகவே மூணாற்றில் இரண்டு இரவும் மறையூர்ப் பக்கத்தில் இரண்டு இரவும் என்று பிரித்துக்கொண்டு, மழையைக் காண வேண்டிய நாட்களில் மழையையும், துணிகள் உலர வேண்டிய நாட்களில் முனியறை எனப்படும் பழங்காலக் கற்திட்டைகளையும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளையும் பார்ப்பது என் வழக்கமாயிற்று.

இரண்டாவது விதி, ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமை. மேகம் விலகினால் இன்னோர் இடம் தானாகவே கிடைக்கும். விலகாவிட்டால் ஜன்னலருகே சூடான தேநீரோடு, பள்ளத்தாக்கு மறைவதும் வெளிப்படுவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமான ஆனந்தம். மலைப்பாதைப் பிரயாணம் முழுவதையும் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். திரும்பும் நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது அவகாசம் விட்டுவைத்தால், பாதை அடைபட்டாலும் மனம் பதறாது.

அறையை ஏற்பாடு செய்யும் முன் நான் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு: கட்டடத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சரிவு இருக்கிறதா? எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார்களா? ஒருமுறை இதைக் கேளாமல் முன்பணம் முழுவதையும் இழந்தேன். கொண்டுபோகும் சாமான்களில், சீக்கிரம் உலரும் மெல்லிய துணிகள், காற்றுக்குத் தாங்காத குடைக்குப் பதிலாக மழைக்கோட்டு, நனைந்த செருப்பிலும் பூட்ஸிலும் திணிக்கப் பழைய செய்தித்தாள், டார்ச் விளக்கு, வழக்கமான மருந்துகள், மின்சாரம் போய்ச் செல்பேசி ஓய்ந்துவிட்டால் உதவக் கையில் கொஞ்சம் ரொக்கம் ஆகியவை அவசியம். புல்வெளியில் நடந்தால் அட்டை ஏறும். அதைப் பிய்த்திழுக்காமல் கொஞ்சம் உப்பைத் தடவினால் தானே விழுந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வானிலை எச்சரிக்கை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்த்தால் மஞ்சள், 115.6-க்கு மேல் ஆரஞ்சு, 204.4-ஐத் தாண்டினால் சிவப்பு என்பது வானிலைத் துறையின் கணக்கு. மஞ்சளில் ஜாக்கிரதையாகப் போகலாம். ஆரஞ்சில் அறையை விட்டு நகருவதில்லை. இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் நான் வீட்டை விட்டே புறப்படுவதில்லை. எங்களை அழைத்துச் சென்ற போடிநாயக்கனூர் ஓட்டுநர் ஒருவர் சொன்ன வார்த்தை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது: “மழைக்குப் பயப்படாதீங்க ஐயா, மண்ணுக்குப் பயப்படணும். தெளிஞ்சு ஓடுற ஓடைத் தண்ணி திடீர்னு செம்மண்ணாக் கலங்கி வந்தா, மேலே எங்கேயோ மலை அசையுதுன்னு அர்த்தம். அங்கே நிக்கக் கூடாது.”

அவர் வார்த்தை எவ்வளவு உண்மை என்பதற்கு அந்த மலையின் சரித்திரமே சாட்சி. கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924-இல் வந்த பெருவெள்ளம், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை சுமந்த சிறு ரயில் பாதையை அடியோடு அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவே இல்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவில், இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். நாம் பச்சைக் கம்பளம் என்று வியந்து படமெடுக்கும் சரிவுகளில், அந்த மழையைத் தலையில் வாங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர்களின் உறவினர்கள் அவர்கள். ஆகையால் சிவப்பு எச்சரிக்கை நாளில் பிரயாணத்தை ஒத்திவைப்பது நம் உயிரைக் காப்பதற்கு மட்டுமல்ல. மீட்புப் பணிக்குப் போகும் வண்டிகளுக்கு மலைப்பாதையை விட்டுக்கொடுப்பதும் ஆகும்.

சென்ற முறை மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாக ஊர் திரும்பினேன். ஆனைமுடியின் கீழைச் சரிவில் பிறக்கும் பாம்பாறு, கேரளத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. அதன் நீர்தான் அமராவதி அணைக்கு வந்து, திருப்பூர், கரூர் வயல்களுக்குப் போகிறது. அணைக்கரையில் இறங்கி நின்றபோது, புதுநீர் கலங்கிச் சிவந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் என்னை அறைக்குள் அடைத்து வைத்த மழையில் ஒரு பங்கும் அதில் இருக்கும் என்று எண்ணியபடி, ஓட்டுநர் அழைக்கும் வரையில் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.