சேமவச்சும் மாற்று வழியும்

நம் கழகத்தின் புதுமுக மாணவர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, “கேட்ட படிப்பு கிடைக்கவில்லை அண்ணா. தமிழ் எனக்கு ஒரு பேக்-அப்தான்” என்றார். அனைவரும் சிரித்தோம். அருகிலிருந்த தோழி, “பேக்-அப்புக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டார். ‘மாற்று ஏற்பாடு’ என்று உடனே சொல்லிவிட்டேன். விடுதி அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்த விடை உறுத்தியது.

ஒன்று இல்லாதபோது அதனிடத்தில் வேறொன்றைக் கொள்வது மாற்று. பேருந்து வராவிட்டால் இரயில். அது மாற்று வழி. காரின் பின்புறம் கிடக்கும் ஸ்பேர் டயர் அப்படிப்பட்டதன்று. அதே கார், அதே பயணம், அதே அளவுள்ள இன்னொரு சக்கரம். இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: சேமம்.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேமவச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு விற்கும் உமணரின் வண்டி அது. எருதுகளோ நுகம் பழகாத இளையவை, பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது என்ன நேருமென்று யார் அறிவார்? ஆகவே இன்னோர் அச்சை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டே புறப்படுகிறார்கள். முறிந்த பின் தேடி எடுப்பது சேமமாகாது. புறப்படும்போதே உடன் வருவதுதான் சேமம். இளவரசனைப் போய் ‘ஸ்பேர்’ என்பதா என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஔவையார் அதைப் புகழ்ச்சியாகவே சொன்னார்.

வடமொழி க்ஷேமமே இச்சொல்லின் மூலம் என்கிறது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி. சேமி, சேமிப்பு எல்லாம் இதன் உறவுகள். மலேசியாவில் 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியிலும், சிங்கப்பூரில் 1955இல் தோன்றிய மத்திய சேமநிதியிலும் இருப்பது இதே சொல்தான். சம்பளம் வாங்கும் நம் முன்னாள் மாணவர்களுக்கு இது புதிதன்று. கணினிக் கோப்புக்கு மட்டும் ‘சேமநகல்’ என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ‘சேமி’ என்பதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். ‘காப்புநகல்’ என்பதே குழப்பமில்லாதது.

மறுவாரம் அந்தத் தம்பியைப் பார்த்து இவ்வளவையும் சொன்னேன். சற்று யோசித்தார்.

“அப்படியென்றால் தமிழ் எனக்குச் சேமம் இல்லை அண்ணா, மாற்றுதான். முறிந்த பிறகுதானே தேடினேன்?”

சொல்லைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் பாட்டை உரையோடு படிக்கவேண்டும் என்று கேட்டார். என் புறநானூற்றுப் பிரதி இப்போது அவரிடம் இருக்கிறது.