மதம் என்று ஒரு கட்டம்

அன்புள்ள தம்பி,

ஆதார் பற்றிய உன் கட்டுரை கிடைத்தது. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புத் தேதிகளும் ஒழுங்காக இருக்கின்றன. கடைசிப் பத்தியில்தான் வம்பு. ‘தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்டு முடித்திருக்கிறாய். டீக்கடையில் யாராவது இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சட்டம் படிக்கிற பிள்ளை எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது?

எது தப்பு என்று இன்று முடிவு செய்கிறவர்களே நாளைக்கும் அந்த நாற்காலியில் இருப்பார்கள் என்று நீயாகவே வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. நெதர்லாந்து மக்களும் 1940 மே மாதம் ஜெர்மன் படை வந்து இறங்கும்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்டின் மக்கள் பதிவேடு வெகு சுத்தமானது. ஆளுக்கோர் அட்டை. அதில் பிறந்த தேதி, முகவரி, குடும்பம், கூடவே மதம் என்று ஒரு கட்டம். யாரையும் வேட்டையாடுவதற்காக அந்தக் கட்டத்தைப் போடவில்லை. அது நிர்வாகப் பழக்கம், அவ்வளவுதான். மறைக்க எதுவும் இல்லாததால் யூதர்களும் உள்ளதைச் சொன்னார்கள்.

பதிவேட்டுத் துறையின் தலைவர் யாகோப் லென்ட்ஸ். தன் வேலையில் அபாரமான கச்சிதம் பார்க்கிற அதிகாரி. குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை என்ற யோசனையைப் போருக்கு முன்பு டச்சு அரசு ஒதுக்கிவிட்டது. எல்லோரையும் குற்றவாளிகளைப்போல் பார்ப்பது எங்கள் மரபில்லை என்று காரணம் சொன்னது. ஆக்கிரமிப்புக்குப் பிறகு லென்ட்ஸின் திட்டத்துக்கு உயிர் வந்தது. 1941 முதல் 15 வயது நிரம்பியவர்கள் எல்லோருக்கும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அட்டை வந்தது. போலி அடிப்பது மிகக் கடினம். யூதர்களின் அட்டையில் ‘ஜே’ என்று முத்திரை குத்தினார்கள். அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பதிவேடு ஒன்றே காரணம் என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்லமாட்டார். ஆனால் வீட்டு எண்ணோடு பட்டியல் தயாராக இருந்ததை யாரும் மறுக்கவும் மாட்டார்.

1943 மார்ச் 27 இரவு, ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குப் போலீஸ் உடுப்பில் ஒரு கும்பல் வந்தது. தலைமை தாங்கியவர்களில் வில்லெம் அரொண்டேயஸ் ஓவியர், எழுத்தாளர். கெரிட் ஃபான் டெர் வேன் சிற்பி. காவலாளிகளுக்கு மயக்க ஊசி போட்டுவிட்டு, அட்டைகளைக் குவித்து வெடி வைத்தார்கள். அத்தனை துணிச்சலுக்கும் எரிந்தது ஒரு பங்குதான். பெரும்பாலான அட்டைகள் தப்பிவிட்டன. அரொண்டேயஸ் உட்பட 12 பேரை ஜூலை 1 அன்று சுட்டுக் கொன்றார்கள். அட்டைகளின் மறுபிரதிகளோ தி ஹேக் நகரில் ஒரு மாளிகையில் பத்திரமாக இருந்தன. 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து அந்த மாளிகையைக் குண்டு வீசித் தகர்த்தன. அங்கே வேலை பார்த்த பலர் செத்தார்கள்.

உடனே ‘ஆதாரும் நாஜி அட்டையும் ஒன்றா?’ என்று பாயாதே. ஆதாருக்கு மதமோ சாதியோ மொழியோ கேட்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எண்ணும் அர்த்தமற்றது. இலங்கை அடையாள அட்டை எண்ணைப் பார்த்தாலே பிறந்த ஆண்டும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ஆதார் எண் அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. அதன் பன்னிரண்டாவது இலக்கம், மற்ற பதினொன்றில் தவறு நேர்ந்தால் பிடித்துக்கொடுப்பது. அந்தக் கணக்கை வகுத்த ஃபெர்ஹூஃபும் டச்சுக்காரர்தான், 1969இல். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும் அந்த முறையைப் படித்துப் பார், அழகான கணிதம். சரி, பேச வந்த விஷயம் அதுவல்ல.

பழைய பதிவேட்டில் கட்டம் முதலிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். இப்போது அது தானாக வளர்கிறது. ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம், வங்கியில் வைக்கிறோம், சிம் வாங்கும்போது வைக்கிறோம். எந்த நிறுவனம் எப்போது சரிபார்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் விழுகிறது. அந்தத் தடங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு ஆறு மாதமாகக் குறைத்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவின் அந்தப் பகுதியையும் நீக்கியது. மறு ஆண்டே சட்டத்திருத்தம் வந்து, ‘விருப்பத்தின் பேரில்’ என்ற பெயரில் வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் வழி திறந்துவிட்டது. கவுண்டரில் வரிசை நீண்டு கிடக்கும்போது யாருடைய விருப்பத்தை யார் கேட்கிறார்கள்? உன் கட்டுரை தீர்ப்போடு நின்றுவிட்டதே, இதை ஏன் விட்டாய்?

இன்னொன்று, நம் ஊர் வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது தமிழக அதிகாரிகள் தடுத்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளுக்கு அப்படித் தடுக்க உரிமை இல்லை என்றது. அதே தீர்ப்பில், பொது ஆவணங்களில் இருப்பதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் எழுதினால் அது அந்தரங்கத்தில் தலையிடுவதாகலாம் என்றும் சொன்னது. கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, தூக்குக் கயிறு தலைக்குமேல் தொங்கிய ஒருவருக்கே அந்தரங்கம் உண்டு என்றால், ‘தப்பு செய்யாதவன்’ என்ற உன் வாதம் எங்கே நிற்கிறது? 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது இந்த வழக்கும் அவர்கள் முன் இருந்தது. நீயோ அந்தப் புட்டசாமி தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டுகிறாய்.

கடைசிப் பத்தியை எடுத்துவிடு. அந்த இடத்தில், 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17(2) பிரிவைப் பற்றி எழுது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் அரசு அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் விலக்கு தரலாம் என்கிறது அது. 2018 தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தனித்து நின்று எழுதிய மாறுபட்ட கருத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படி. நீளம்தான், சுருக்கத்தைப் படித்துவிட்டு முழுதும் படித்தேன் என்று சொல்லாதே, கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். திருத்திய படியைத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்