தீராத தலைவலியும் முதுகு ஊசியும்



2021இல் கரும்பூஞ்சை வந்தபோது ஆம்போடெரிசின் மருந்துக்கு மக்கள் அலைந்தது நினைவிருக்கும். அதே மருந்து தேவைப்படும் இன்னொரு பூஞ்சை, கிரிப்டோகாக்கஸ். புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இருக்கும். மூச்சோடு உள்ளே போகும். நல்ல உடம்பு அதை அடக்கிவிடும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு சி.டி.4 அணுக்கள் 100க்குக் கீழே இறங்கினால் மூளை உறையைத் தாக்கக்கூடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது.

வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி, பார்வை மங்கல், பேச்சில் தடுமாற்றம். இதைக் காற்று கருப்பு என்று நினைத்துத் தாயத்துக்கு அலைவதில் நாட்கள் போய்விடுகின்றன. துஆ செய்யுங்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் செய்யுங்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான்.

குடும்பத்தார் அதிகம் பயப்படுவது முதுகில் நீர் எடுப்பதற்கு. "கால் விளங்காமல் போகும்" என்று கையெழுத்துப் போட மறுத்தவர்களிடம் நாங்களே மன்றாடியிருக்கிறோம். இந்நோயில் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறுகிறது. பார்வையையும் உயிரையும் பறிப்பது பல நேரங்களில் அதுதான். ஆகவே நீர் எடுப்பது பரிசோதனை மட்டுமல்ல, அதுவே வைத்தியம். சிலருக்குத் தினமும் எடுப்பார்கள். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த பிறகுள்ள கீழ்முதுகில்.

ஆப்பிரிக்காவின் 5 நாடுகளில் நடந்த ஆய்வுக்குப் பின், 2022இல் உலக சுகாதார நிறுவனம் புதிய முறையைப் பரிந்துரைத்தது: லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஒரே ஒரு பெரிய டோஸ், கூடவே 2 வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகள். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்வார். சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கவனிக்க அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், சலித்துக்கொள்ள வேண்டாம்.

பிடிவாதம் வீடு திரும்பிய பிறகுதான் தெரியும். ஃப்ளூகோனசோல் 8 வாரம் கூடுதல் அளவிலும், பிறகு குறைந்த அளவில் ஓராண்டுக்குக் குறையாமலும் தொடர வேண்டும். தலைவலி போய்விட்டதே என்று நிறுத்தினால் நோய் திரும்பும். எச்.ஐ.வி. மாத்திரையை இதுவரை சாப்பிடாதவருக்கு அதை 4 முதல் 6 வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. தொடங்கிய பின், விழித்துக்கொண்ட எதிர்ப்பு சக்தியாலேயே தலைவலி மீண்டும் வரலாம். நீங்களாக எதையும் நிறுத்தாமல் டாக்டரிடம் ஓடுங்கள். ரமலானிலும் அப்படித்தான்: நோயாளிக்கு நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கத்தில் சலுகை உண்டு, மாத்திரையைத் தள்ளிவைக்க இல்லை.

அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் எச்.ஐ.வி. மருந்து இலவசம். இத்திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியமும் அதில் இருந்தது. சி.டி.4 குறைவாக இருந்தால், தலைவலி வருமுன்பே இப்பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 1097ஐ அழைக்கலாம். பஸ் செலவுக்கோ துணைக்கு ஆள் வேண்டியோ எங்களிடம் வருபவர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, நாங்களும் கேட்கமாட்டோம்.