பழைய ஆம்பிளிஃபயரும் எர்த் கம்பியும்

நமது கடைகளில் பழைய ஆம்பிளிஃபயர் ஒன்று பரணில் கிடப்பது வழக்கம். ஆயுத பூஜை, சித்திரைப் புதுக்கணக்கு என்றால் இறக்குவோம். அது பாடுவதற்கு முன் உறும ஆரம்பிக்கும்.

நமது கிடங்கில் ஒரு ஆயுத பூஜையன்று அப்படி உறுமியபோது, வந்த ரிப்பேர்க்காரர் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியை வெட்டிவிட்டார். சத்தம் நின்றது. நாமும் மகிழ்ந்து கூலி கொடுத்தோம். மறுநாள் தரை கழுவிய சிப்பந்தி ஈரக்கையால் மைக்கை நகர்த்தியபோது தூக்கி எறியப்பட்டார். பிழைத்தது தெய்வச் செயல். டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷன் நைந்து, இரும்புப் பெட்டியில் 230 வோல்ட் ஏறியிருந்தது. மைக்கின் உலோக உடல் ஷீல்டு வயர் வழியே அந்தப் பெட்டியோடு சேர்ந்தது. நல்ல எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும்.

உறுமலுக்குக் காரணம் எர்த் இருப்பதன்று. அது இரண்டு வழியாக வந்து வளையம் கட்டுவதே. ஆம்பிளிஃபயர் ஒரு சுவரிலும் டேப் ரிக்கார்டர் எதிர்ச் சுவரிலும் மின்சாரம் எடுத்தால், இரண்டின் எர்த்தும் ஷீல்டு வயரிலும் சேர்ந்து, 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளே நுழையும். இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகினாலே பெரும்பாலும் அடங்கும்.

ஒலி வயர்களைப் பிடுங்கிய பின்னும் உறுமினால் கோளாறு பெட்டிக்குள். பெரிய கண்டன்சர்கள் காய்ந்திருக்கலாம். 100 ஹெர்ட்ஸில் கரகரக்கும். அல்லது அவற்றின் பெரிய மின்னோட்டமும் மைக்கின் மெல்லிய மின்னோட்டமும் ஒரே கம்பியில் திரும்பும். கல்லுக்கட்டிப் பக்கத்துச் சந்தில் லாரியும் சைக்கிளும் ஒன்றாகப் புகுந்த கதைதான். தனித்தனிக் கம்பிகளாக ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒரே கம்பியைச் சேசிஸுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மெயின் எர்த்துக்குத் தனி போல்ட் வேண்டும். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்க வேண்டும். இரண்டு கம்பி வயராக இருந்தால் மூன்று கம்பி வயராக மாற்றுங்கள். வால்வு செட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தங்கும். நாமே கை வைக்கலாகாது.

இத்தனை செய்தும் எர்த் குழி சரியில்லாவிட்டால் வீண். குறைந்தது 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. குழாய் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பக்கத்துச் செம்புறாங்கல் பூமி கோடையில் காய்ந்து, மின்சாரத்தை வாங்காது. தண்ணீர் ஊற்ற வேண்டும். குழியில் போடும் உப்போ குழாயை அரிக்கும். துருப்பிடித்தலை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. நாமோ குழாய் புதைத்த ஆண்டைக்கூடக் குறித்து வைப்பதில்லை.

காய்ந்த எர்த்தில் பியூஸ் போகாமலும் இருந்துவிடும். ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போர்டில் மாட்டி, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிரிட்ஜ், மின் தராசு எல்லாவற்றுக்கும் அதுவே காவல்.

நமது பெட்டிக்கு இவ்வளவும் செய்தாயிற்று. இன்னும் லேசாக உறுமுகிறது. பாட்டு தொடங்கினால் கேட்பதில்லை, விட்டுவிட்டோம்.