சம்பளம் கூடும், நேரம்?

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. நெல்லைச் சீமையிலிருந்து போன தமிழர் பலர் அங்கே வாழ்கிறார்கள். அங்கே தோல்பைப் பட்டறை ஒன்றில் ஒருவர் தையல் வேலை செய்தார். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். தினம் 9 மணி நேரம். வீட்டிலிருந்து நடந்தே போவார்.

பிவண்டியில் ஒரு பெரிய கிடங்கில் 20,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். தினம் 12 மணி நேர வேலை.

"ஊர்க் கடனை அடைச்சிடலாம்!" என்றார் அவர்.

மனைவி எழுத்தறிவு வகுப்பில் கணக்குப் படித்தவர். நோட்டை எடுத்தார்.

"எப்படிப் போவீங்க?"

"சயானில் ரயில் ஏறி தானே நகரம். அங்கிருந்து பஸ். போக 2 மணி, வர 2 மணி."

பயணச் செலவு 2,400 ரூபாய். வெளியில் சாப்பாடு, டீ 1,600 ரூபாய். டீக்காசைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள்! மீதி 16,000. கூடுவது 1,000 ரூபாய்தான்.

மாதம் 26 நாள் வேலை. இப்போது 234 மணி நேரம். அங்கே பயணத்தோடு 416 மணி நேரம்.

"ஆயிரம் ரூபாய்க்கு 182 மணி நேரம் போகுதே! பிள்ளை முழிக்கும் முன்னே கிளம்புவீங்க. தூங்கின பிறகு வருவீங்க. காலையில் தண்ணி யார் பிடிப்பா?"

தண்ணீர் பிடிப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால் அது நோட்டில் ஏறவில்லை.

ஆனால் கடனும் இருக்கிறதே! அவர் யோசித்தார்.

வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு, சட்டப்படி இரு மடங்கு கூலி உண்டு. சாப்பாட்டு நேரம் 1 மணி போனால் தினம் 11 மணி நேரம். 6 நாளைக்கு 66. கூடுதல் வேலை 18 மணி நேரம். அந்தக் கூலி 20,000 ரூபாயில் சேர்ந்ததா, தனியா?

"நாளைக்குக் கேட்டுட்டு வாரேன். அதுவரை பட்டறையில் எதுவும் சொல்லலை" என்றார்.