சிலந்தி இழையும் அறுந்த நரம்பும்

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்குள்ள பழைய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய இருண்ட கட்டடங்களுக்குள் நுழைந்தால் சிலந்தி இழை முகத்தில் ஒட்டும். அதைத் துடைத்தெறியுமுன் ஒரு கணம் நில்லுங்கள். உயிரணுக்களைப் பற்றிய முக்கியமான உண்மை ஒன்றை அறிவியலாருக்குக் காட்டியது இந்த இழைதான்.

உயிரணு என்றதும் பாடநூலில் வரைந்த வட்டம் நினைவுக்கு வரும். திரவத்தில் மிதக்கும்போது அது பெரும்பாலும் உருண்டையாகத்தான் இருக்கும். அமெரிக்க உயிரியல் அறிஞர் ராஸ் ஹாரிசன், சிலந்தி இழைகளை இழுத்துக் கட்டி, கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களை அவற்றின்மேல் வளர்த்தார். இழையைப் பற்றியவை, இழை சென்ற திசையிலேயே நீண்டன. 1914-இல் வெளியான ஆய்வு இது. உணவும் வெப்பமும் மட்டுமல்ல, நிற்கும் தளத்தின் வடிவமும் உயிரணுவை நடத்துகிறது!

எப்படி? இராஜகிரியில் படிகள் உள்ள இடத்தில் நேராக ஏறுகிறீர்கள். பாறைகள் சிதறிய சரிவிலோ கால் வைக்க இடம் தேடி இங்குமங்கும் அலைகிறீர்கள். உயிரணுவின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்னும் புரதங்கள் உள்ளன. அவையே அதன் கால்கள். அவை வெளியேயுள்ள இழையைப் பற்ற, உள்ளேயுள்ள ஆக்டின் என்னும் புரத நார்கள் அந்தப் பிடியோடு இணைந்து இழுக்கின்றன. இழை மிக மெல்லியதாகையால் அகலவாட்டில் பிடி கிடைப்பது அரிது. நீளவாட்டில் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே உயிரணு நீள்கிறது. அதன் உட்கருவும் உடன் நீள்கிறது. (ஒப்புமையை மிகவும் நீட்டக்கூடாது. உயிரணுவுக்குக் கண் இல்லை. பிடித்துப் பார்த்து, இழுத்துப் பார்த்துத்தான் அது வழி அறிகிறது.)

இதனால் என்ன பயன்? முழங்கையருகே அரிவாள் ஆழமாக வெட்டி, நரம்பு அறுந்துவிட்டதாகக் கொள்வோம். அறுந்த நரம்பிழை மீண்டும் வளரும். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். கைத்தசை 30 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால் கணக்கிட்டுப் பாருங்கள்: 300 நாட்கள்! அதுவரை நரம்புத் தொடர்பற்ற தசை மெலிந்துகொண்டே போகும். வழிதவறிய நரம்பிழைகள் சுருண்டு, வலி தரும் கட்டியாவதும் உண்டு. இடைவெளி பெரிதானால், மருத்துவர் நோயாளியின் காலிலிருந்தே ஓர் உணர்ச்சி நரம்பை எடுத்து இடையில் தைக்கிறார். கை தேறலாம், பாதத்தின் ஓரம் மரத்துப்போகும்.

காலை வெட்டாமல் நரம்புக்குப் பாதை போட முடியாதா? கொத்தனார் கட்டும் சாரம், கட்டடம் எழுந்ததும் அவிழ்க்கப்படுகிறது அல்லவா? அதுபோல, வேலை முடிந்ததும் உடலிலேயே சிதைந்து மறையும் பாலிமர் இழைகளால் சாரம் கட்டுகிறார்கள். இழை செய்யும் முறைக்கு மின் நூற்பு என்று பெயர். பாலிமர் கரைசலை ஊசிக்குழலில் நிரப்பி, ஊசிக்கு 10,000 முதல் 20,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தருவார்கள். ஊசி நுனியிலுள்ள துளி கூம்பாகி, மெல்லிய தாரையாகப் பாயும். பறக்கும்போதே கரைப்பான் ஆவியாகிவிட, சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள இழை எஞ்சும். தலைமயிரின் தடிமனில் இது நூறில் ஒரு பங்குகூட இல்லை. அசையாத தகட்டில் பிடித்தால் இழைகள் சிக்கலாக விழும். வேகமாகச் சுழலும் உருளையில் பிடித்தால் ஆரணிப் பட்டுத் தறியின் பாவுபோல ஒரே திசையில் அமையும்.

சிங்கப்பூரில் சீராம் ராமகிருஷ்ணா குழுவினர் இவ்வாறு அமைந்த இழைகளில் நரம்புக் குருத்தணுக்களை வளர்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். குருத்தணுக்கள் இழையின் திசையிலேயே கிளைகளை நீட்டின. இழை தடித்தாலும் மெலிந்தாலும் திசை மாறவில்லை. ஆனால் குருத்தணு நரம்பணுவாக மாறும் வேகம் மெல்லிய இழைகளில்தான் மிகுந்திருந்தது. அங்கே திசை ஒரு பொருட்டாக இல்லை. திசைக்கு ஒரு வேலை, தடிமனுக்கு வேறொரு வேலை! நம் தஞ்சாவூரில், சாஸ்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நரம்பு வளர்ச்சிக்கென ஒரே திசையில் அமைந்த இழைச் சாரங்களை உருவாக்கி 2011-இல் வெளியிட்டனர்.

ஆய்வகத் தட்டில் வென்றது மனிதனின் கையில் வெல்வது எளிதன்று. நெருக்கமாக நூற்ற இழைகளுக்கிடையே உயிரணுக்கள் நுழைய இடமிருப்பதில்லை. நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கும் விடுவதில்லை: நரம்பு கடக்குமுன் சாரம் சிதைந்தால் பாதை நடுவழியில் அறும், வெகுகாலம் தங்கினால் வளரும் நரம்பை அதுவே நெருக்கக்கூடும்.