கேஸ் மாத்திரை போட்டும் வயிற்று வலி போகலையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காட்டு வேலைக்குப் போறவங்க காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது புதுசில்லை. நெஞ்சு எரிஞ்சா மெடிக்கல் கடையில் ஒரு கேஸ் மாத்திரை, அதோடு பொழுது ஓடிவிடும். பெரும்பாலும் அது சாதாரணத் தொந்தரவுதான். ஆனால் இரைப்பைப் புற்றுநோயும் தொடக்கத்தில் இப்படித்தான் தெரியும். மாத்திரையில் எரிச்சல் அடங்கிவிடுவதால் மாசக்கணக்கில் நாள் கடந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான்.

இரண்டு, மூன்று வாரமாகியும் வலி விடவில்லை, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, ரத்தசோகை என்று எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ உடனே 108-ஐ அழையுங்க. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிடுங்க.)

ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு சிலர் நிம்மதியாகிவிடுவார்கள். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இரைப்பையின் உள்தோல் சரியாகத் தெரியாது. அதற்கு எண்டோஸ்கோபிதான் வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே, பிறகு கேமரா பொருத்திய மெல்லிய குழாய். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பதுதான் பயாப்சி. 'கத்தி பட்டா பரவிடும்' என்று பயந்து இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. பயாப்சியால் நோய் பரவும் என்ற பயம் தேவையில்லை. அது இல்லாமல் நோயை உறுதி செய்யவும் முடியாது. உறுதியானால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சி.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இந்நோய்க்கு முக்கியக் காரணம். அதைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்கை பாதியில் நிறுத்தாதீங்க. புகையிலையும் அதிக உப்பும் ஆபத்தைக் கூட்டும்.

மிக ஆரம்பத்தில் தெரிந்தால் சிலருக்கு எண்டோஸ்கோபி வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னும் கீமோதெரபி. இரைப்பையை முழுசா எடுத்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு வாழ முடியும். வைட்டமின் பி12 ஊசி மட்டும் தொடர வேண்டும்.

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்க. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இரண்டும் எட்டும் தூரம்தான். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்க. சந்தேகத்துக்கு 1800 425 3993.